0.99 வந்துவிட்டது, பணத்தைப் போடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன், பி.காம் படித்தவன். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் பத்து வருட விலையை இறக்கி, முந்தைய நாள் விலையை வைத்து மறுநாள் விலையைக் கணிக்க எக்செல்லில் ரெக்ரஷன் (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் கணக்கு) போட்டேன். கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99! குறுவை நெல் விற்ற பணத்தில் ஆப்ஷன் வாங்கலாமா? அடுத்து என்ன படிக்கலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

அந்த 0.99-ஐ நம்பவே நம்பாதீர்கள். மேட்டூர் நீர்மட்டம் இன்றைக்கு 100 அடி என்றால் நாளைக்கும் ஏறக்குறைய 100 அடிதான், அதைச் சொல்ல ரெக்ரஷன் எதற்கு? ஏறுமா இறங்குமா, எவ்வளவு என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது. அதனால் விலையை விட்டுவிட்டு தினசரி சதவீத மாற்றத்தை ஒரு நெடுவரிசையில் எடுத்து, அதே ரெக்ரஷனை மறுபடி போடுங்கள். ஆர்-ஸ்கொயர் பூஜ்யத்தை ஒட்டி வந்து நிற்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ரேண்டம் வாக் (ஒவ்வொரு அடியும் தற்செயலாக ஏறி இறங்கும்) தொடர்களை ரெக்ரஷனில் போட்டாலும் பலமான உறவு இருப்பதுபோலக் காட்டும் என்று பொருளியல் ஆய்வாளர்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே செய்து காட்டிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் கணிக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. அந்தச் சதவீத மாற்றங்களை வர்க்கப்படுத்தி, முந்தைய நாள் வர்க்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தொடர்பு தெளிவாகத் தெரியும். பெரிய ஆட்டம் வந்த நாளை ஒட்டி இன்னும் சில பெரிய ஆட்டங்கள் வரும், அது எந்தப் பக்கம் என்றுதான் சொல்ல முடியாது. இதற்குப் பொருளியல் அறிஞர் ராபர்ட் எங்கிள் 1982-இல் கொடுத்த, ஆட்டத்தின் அளவைக் கணிக்கும் ஆர்ச் மாதிரிக்காகத்தான் 2003-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டியதும் அதுதான், அப்புறம் அதன் விரிவாக்கமான கார்ச். கூடவே ஹிஸ்டோகிராம் (எந்த அளவு மாற்றம் எத்தனை நாள் வந்தது என்று காட்டும் படம்) போட்டு, 2020 மார்ச் 23-ஐத் தேடுங்கள்: ஒரே நாளில் சுமார் 13 சதவீத வீழ்ச்சி. பெரும்பாலான நாட்கள் சராசரியை ஒட்டியே இருக்கும் என்கிற மணி வடிவ வளைவை நம்பிக் கணக்குப் போட்டால் அப்படியொரு நாள் வரவே கூடாது!

ஆர், பைதான் என்ற கணினி மொழிகள் இரண்டும் இலவசம், ஏதாவது ஒன்று போதும். முதல் ஏழு வருடத்தில் மாதிரியைப் பொருத்துங்கள், கடைசி மூன்று வருடத்தைத் தனியே மூடி வையுங்கள். புரோக்கரேஜ், வரி எல்லாம் கழித்து அதில் ஒரே ஒரு முறை சோதியுங்கள். பார்த்துவிட்டு மாதிரியைத் திருத்தி மறுபடி ஓட்டினீர்கள் என்றால், அந்த மூன்று வருடமும் சோதனைக்கு உதவாது.