சர்க்கரை இறங்கிவிட்டது, ஊசியை நிறுத்தலாமா?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 11 வயது, எடை 30 கிலோ. இரண்டு மாதம் முன்பு வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைப் 1 சர்க்கரை என்றார்கள். முதலில் தினம் 26 யூனிட் இன்சுலின் போட்டோம், இப்போது 9 யூனிட்டே போதும் என்கிறார் டாக்டர். ஊசியை விட்டுவிட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கலாம் என்கிறார் பெரியப்பா. நிறுத்தலாமா? மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் என்றால் பிள்ளைக்கு உயிர், கொடுக்கலாமா?"

நிறுத்தாதீர்கள். ஒரு நாள்கூட.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதுதான் டைப் 1. வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை வேறு, இது வேறு. அவர்கள் விழுங்கும் மாத்திரை இதற்கு உதவாது. நோய் தெரியவரும்போது எல்லாச் செல்களும் அழிந்திருப்பதில்லை. மிஞ்சியவை ஏறிய சர்க்கரையில் துவண்டு கிடக்கும். ஊசியால் சர்க்கரை இறங்கியதும் அவை தலைதூக்கிக் கொஞ்சம் சுரக்கின்றன, ஊசி அளவு குறைகிறது. இதற்குத் தேனிலவுக் காலம் என்று பெயர். வைத்தவர் குறும்புக்காரர்தான். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட நீடிக்கும். அப்புறம் அந்தச் செல்களும் போய், ஊசி அளவு மறுபடி ஏறும்.

இந்த நேரம் பார்த்துச் சூரணம் கொடுத்தால் பேர் சூரணத்துக்குப் போய்விடும், சிக்கலே அதுதான். நம் மாவட்டத்து வைத்தியர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கால் பிசகியபோது நானே எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டிருக்கிறேன். ஆனால் இல்லாத இன்சுலினை எந்த மூலிகையும் தராது. ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி, முன்பு பார்த்த அதே வாந்தியும் மூச்சிரைப்பும் வரலாம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததே அரிது.

காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலும் ஊசியை முழுசாக விடக்கூடாது. அளவை டாக்டரிடம் போனில் கேளுங்கள். வாந்தி நிற்காமல் சர்க்கரை 250-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, உடனே கிளம்புங்கள்.

தேனிலவுக் காலத்தில் சர்க்கரை திடீரென்று தாழவும் செய்யும். பிள்ளை கை நடுங்கி, வேர்த்து, காரணமில்லாமல் சிடுசிடுத்தால் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பள்ளிக்கூடப் பையிலும் ஒன்று டீச்சரிடமும் இருக்கட்டும்.

சரி, மரச்சீனி. தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எடைபோட்டுக் கொடுங்கள். 100 கிராம் கிழங்கில் 35 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு, மீனில் அது கிடையாது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அவித்த துண்டுகளை ஒரு வாரம் எடைபோட்டுப் பாருங்கள், பிறகு கண்ணே அளவு சொல்லும். எத்தனை கிராமுக்கு எத்தனை யூனிட் என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.