விசுவாசத்தைப் பிறரிடம் சொல்லும் துணிவு எப்படி வரும்?

அலுவலக நண்பர்களிடம் உங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேசத் துணிவு வரவில்லை என்றும், சாட்சி சொல்வதைப் பற்றிச் சபையில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் மனம் குறுகிப்போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறுகலை முதலில் இறக்கி வையுங்கள். குற்ற உணர்வினால் வாய் திறப்பவர் தம் மனச்சுமையைக் குறைத்துக்கொள்ளவே பேசுகிறார். எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பயம் இருப்பதாலேயே விசுவாசம் குறைவுபட்டது என்றும் எண்ண வேண்டாம். கொரிந்து சபையாருக்கு எழுதும் பவுல், தாம் அவர்களிடத்தில் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகச் சொல்கிறார். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில், யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தார் மிரட்டி அனுப்பிய பேதுருவும் யோவானும் தங்களைச் சேர்ந்தவர்களிடம் திரும்பியதும், எல்லாரும் ஒருமனப்பட்டு, வசனத்தை முழுத் தைரியத்தோடு சொல்ல அருள் தரும்படி ஜெபிக்கிறார்கள். சற்று முன்புதான் அதிகாரிகளின் முகத்துக்கு நேரே பேசிவிட்டு வந்தவர்களே மறுபடியும் தைரியத்தைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்றால், நாமும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறுவதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் நம் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது, ஏனெனில் நம் ஊரில் கடவுளைப் பற்றிப் பேசுவது வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டியோடு வேலைக்கு வரும் நண்பர், தம் விரதத்தைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறார். சபரிமலையிலிருந்து திரும்பியதும் அரவணைப் பிரசாதத்தை நம் மேசைக்கும் கொண்டுவந்து தருகிறார். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வீடு தேடி வருகிறது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்களும் ஏராளம். இப்படிப்பட்ட மண்ணில் நமக்கு மட்டும் நா எழாமல் போவதற்கு, "மதம் மாற்றப் பார்க்கிறார்" என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம் என்பது என் எண்ணம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பிறர் வணங்கும் தெய்வங்களை இழித்துப் பேசி, துண்டுப் பிரசுரங்களைக் கையில் திணித்துச் சென்றவர்கள் நம்மிடையேயும் உண்டு. அதற்காக உங்கள் வாழ்வில் ஆண்டவர் யார் என்பதை நீங்கள் மறைத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் மனத்தைத் தெளிவாக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. பரப்புவது என்பது தம் மதக் கோட்பாடுகளை எடுத்துரைப்பதே என்றும், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றும் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் குறித்துக் கிறிஸ்தவர்களிடையே மனத்தாங்கல் இருந்தாலும், உங்களைப் போன்றவருக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டு என்பேன். எடுத்துரைப்பது மட்டுமே மனிதர் வேலை. மனம் திரும்புவது தேவனுக்கும் அந்த மனிதருக்கும் இடையிலான காரியம் என்று நாமே விசுவாசிக்கிறோம் அல்லவா?

இதை வாழ்ந்து காட்டியவராக நான் கருதுவது தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை. பிரஷ்யாவில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் பேசி, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798இல் மறைந்தவர். தஞ்சாவூரை ஆண்ட துளஜா மன்னர் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியின் அரியணை உரிமை பறிபோனபோது, அவருக்குப் பாதுகாவலராக நின்று, சென்னையில் படிக்க வைத்து, உரிமையை மீட்டுத் தரவும் பாடுபட்டார். தம் விசுவாசத்தை அந்த இளவரசரிடம் அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. சரபோஜி மன்னரோ இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் ஐயரின் நினைவாக இலண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்தவர் அவர்தான். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள ஆலயத்தில் இன்றும் அதைக் காணலாம்: மரணப்படுக்கையில் ஐயர், அருகில் அவர் கையைப் பற்றியபடி மன்னர். மன்னரை மாற்ற முடியாமல் போன ஊழியத்தின் தோல்விச் சின்னமாக யாராவது அதைப் பார்ப்பார்களா? விசுவாசத்தைச் சொன்னால் நட்பு முறிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு முறையாவது அதன் முன்னே போய் நிற்க வேண்டும்.

அடுத்து, எல்லாக் கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் பேச வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதனைப் பரிசேயர் துருவித் துருவி விசாரித்தபோது, தான் குருடனாயிருந்ததும் இப்போது காண்பதும் மட்டுமே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அவன் சொன்னான். என் தாயாரின் அடக்கத்துக்கு வந்திருந்த அலுவலக நண்பர் ஒருவர், சில நாட்கள் கழித்துத் தேநீர்க் கடையில் நிற்கும்போது, "அழுதுகொண்டே எல்லாரும் பாடினீர்களே, அது எப்படி முடிகிறது?" என்று கேட்டார். உயிர்த்தெழுதலைப் பற்றி விளக்கவுரை ஆற்ற எனக்குத் தெரியாது. குழிக்குள் மண் விழும் ஓசை கேட்டபோது நெஞ்சு வெடித்தது என்றும், கிறிஸ்து கல்லறையிலிருந்து எழுந்தார் என்பது உண்மையாகையால் அம்மாவை மறுபடியும் காண்பேன் என்று நம்புவதாகவும், அந்த நம்பிக்கை இல்லாதிருந்தால் என்னால் பாடியிருக்க முடியாது என்றும் சொன்னேன். கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னாளில் தம் தகப்பனார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, நள்ளிரவில் அவர் தொலைபேசியில் அழைத்து ஜெபிக்கச் சொன்னார். அவர் தம் வழிபாட்டை விடவில்லை. எங்கள் பேச்சும் நிற்கவில்லை.

பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டு, உங்கள் போதகரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். உங்களுக்குக் கீழே பணிபுரிபவரிடமும், உங்களிடம் கடன்பட்டவரிடமும் நீங்களாகப் பேச்சைத் தொடங்க வேண்டாம் என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். மறுக்கச் சுதந்திரம் இல்லாதவரிடம் நற்செய்தியைச் சொல்வது நற்செய்திக்கே அவமானம். மாறாக, உங்களிடம் மனம் விட்டுப் பேசும் ஒரு நண்பரின் பெயரைச் சொல்லி நாள்தோறும் ஜெபியுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் பிரியாணி வேண்டாம் என்று நீங்கள் சொல்லும்போது அவர் காரணம் கேட்டால், "உடம்பு சரியில்லை" என்று நழுவாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அவருடைய வீட்டில் யாருக்கேனும் நோய் என்றால், "நான் ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அவர் சம்மதித்தால் மறக்காமல் ஜெபியுங்கள். அடுத்த வாரம் அவரிடம் போய், நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.