வீட்டில் கட்டிய விமானத்துக்கு நாமே இஞ்சின் மாட்டலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். யாரோ பாதியில் விட்ட இரண்டு இருக்கை கிட் விமானத்தை (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது) நானும் மச்சானும் வாங்கினோம். கூடவே பெட்டி பிரிக்காத ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இஞ்சினும் வந்தது. மவுண்ட் ஓட்டைகள் அப்படியே பொருந்துகின்றன. நாங்களே மாட்டி ஓட்டிப் பார்க்கலாமா? இதை விற்றுவிட்டு மைவி கார் இஞ்சினைப் போட்டால் காசு மிச்சம் என்கிறான் நண்பன்.

பதில்: நண்பர் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். கார் இஞ்சினை மாற்றியமைத்துப் பறப்பவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும் கார் தன் சக்தியில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. விமானமோ ஏறும்போது முழு சக்தியையும், பிறகு மணிக்கணக்கில் முக்கால்வாசியையும் கேட்கும். புரொப்பெல்லருக்கு ஏற்றபடி சுற்றைக் குறைக்கும் கியர்பாக்ஸ் வேறு செய்ய வேண்டும். அதன் அதிர்வைச் சமாளிப்பது தனிப் படிப்பு. உங்கள் ரோட்டாக்ஸில் அந்த கியர்பாக்ஸ் கூடவே வருகிறது. சிலிண்டருக்கு இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு இக்னிஷன். பேட்டரி செத்தாலும் பொறி அடிக்கும். விற்காதீர்கள்.

நீங்களே மாட்டலாமா என்றால், கைப்பழக்கம் உங்களுக்குப் போதும். ஆனால் கையேட்டைப் படித்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, உரிமம் பெற்ற விமானப் பொறியாளர் ஒருவரை இடையிடையே பார்க்கவைத்துச் செய்யுங்கள். மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் (சிஏஏஎம்) இப்போதே பேசுங்கள். அனுமதி இல்லாமல் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

மவுண்ட் ஓட்டைகள் பொருந்துவது சந்தோஷம்தான், ஆனால் அது சின்ன வேலை. டார்க் ரெஞ்சால் இறுக்கி, போல்ட் தலையில் பெயிண்ட் கோடு போட்டால் தீர்ந்தது. இஞ்சின் நின்றுபோவது பல நேரங்களில் அதற்குள் போகும் குழாய்களால். வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2012 அறிக்கையில் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இஞ்சின் கோளாறைச் சொன்னது. பறக்கும் முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அந்தச் சோதனை பட்டறையிலேயே முடியும். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வையுங்கள். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். இரண்டு கார்புரேட்டர் ஹோஸையும் கழற்றி ஒரே அளவுக் குடுவையில் விட்டு, மின்பம்பை ஓட்டுங்கள். இந்த இஞ்சின் முழு சக்தியில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வழியாக வந்தால் அதில் 125 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 560 மில்லிலிட்டராவது, விழ வேண்டும். குறைந்தால் எங்கோ அடைப்பு. ரப்பர் ஹோஸை நிப்பிளில் (அது மாட்டும் உலோக முனையில்) அழுத்தி ஏற்றும்போது உள்சுவரிலிருந்து மெல்லிய ரப்பர் சீவல் உரிந்து வரும். வெளியே ஒன்றும் தெரியாது, கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட்டைப் போய் அடைக்கும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஹோஸையும் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஆயில் ஹோஸ் இரண்டு. டேங்கிலிருந்து பம்புக்குப் போவது ஒன்று. இஞ்சின் அடிப்பகுதியிலிருந்து டேங்குக்குத் திரும்புவது மற்றொன்று. மாற்றி மாட்டினால் சில நிமிடங்களில் இஞ்சின் கதை முடிந்தது. கையால் தடவி, முனையிலிருந்து முனைவரை போய்ப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் வழியில் உள்ள காற்றைக் கையேட்டில் சொன்ன முறைப்படி வெளியேற்றியே ஆக வேண்டும். இக்னிஷனை அணைத்து, மேல் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் அழுத்தம் காட்டும்வரை புரொப்பெல்லரைச் சுழலும் திசையில் மட்டும் திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் காற்று உள்ளே போகும்.

பைக் மெக்கானிக்குக் கை தானாகத் தவறாகப் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. பைக்கில் த்ராட்டில் கேபிள் அறுந்தால் இஞ்சின் அடங்கும். இதில் ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கும் பக்கமாக இழுக்கிறது. கேபிள் அறுந்தால் முழு வேகம். வானத்தில் அது நல்லது, பட்டறை வாசலில் ஆபத்து. ஆகவே முதல் ஓட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, பக்கத்தில் தீயணைப்பான், இக்னிஷன் சுவிட்சில் ஒரு கை. இஞ்சினுக்கும் உடலுக்கும் எர்த் பட்டை போட மறக்காதீர்கள். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மின்சாரம் த்ராட்டில் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டுவிடும்.

நம் ஊரில் பனி பெய்யாது, கார்புரேட்டரில் ஐஸ் எப்படிக் கட்டும் என்று கேட்பார்கள். கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருந்ததிலிருந்து 20 பாகைக்கு மேலும் இறங்கலாம். தோட்டத்து ஈரக் காற்றில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும் நேரம்தான் அதற்குத் தோது. கார்புரேட்டரைச் சூடாக்கும் ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. நண்பகல் வெயிலில் இஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்துங்கள். இஞ்சின் மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இருமினால் ஹோஸுக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது என்று சந்தேகப்படுங்கள். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் சரியாக இருக்கிறதா, எக்சாஸ்ட் பக்கமாக எந்த ஹோஸ் போகிறது, அதற்கு வெப்ப உறை உண்டா என்று பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகே ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் பேச்சு.