வீட்டில் 170, தேர்வறையில் 140: என் திறமையே அவ்வளவுதானா?

கேள்வி: எனக்கு வயது 26. விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். மூன்று வருடமாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்குப் படிக்கிறேன். தினமும் 11, 12 மணி நேரம் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறேன். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினால் 200 வினாக்களில் 170-க்குக் குறையாமல் சரியாக வருகிறது. தேர்வறையில் 140-ஐத் தாண்டுவதில்லை. போட்டுப் பழகிய கணக்குகூட அந்த நேரத்தில் வர மறுக்கிறது. வெளியே வந்ததும் பளிச்சென்று தெரிகிறது. "உன்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்கிறார் அண்ணன். அது உண்மையா? இன்னும் கூடுதலாகப் படிக்க வேண்டுமா?

பதில்: கூடுதலாகப் படிக்க வேண்டாம். குறைக்கச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். நீங்கள் தேர்வறையில் வரும் 140-ஐச் சந்தேகிக்கிறீர்கள். எனக்கோ வீட்டில் வரும் அந்த 170 மேல்தான் சந்தேகம்.

வீட்டில் எப்படி எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் செய்வதைச் சொல்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த பழைய வினாத்தாள். கட்டிலில் சாய்ந்தபடி செல்போனில். நூறு வினா முடிந்ததும் எழுந்து ஒரு காபி. திருத்தும்போது, "அட, இது தெரிஞ்சதுதானே, அவசரத்துல விட்டுட்டேன்" என்று ஏழெட்டுத் தவறுகளுக்குத் தாங்களே மன்னிப்பு. இப்படி வந்த 170 உண்மையில் 155 ஆக இருக்கலாம்.

படிக்கும் முறையிலும் இதே ஏமாற்று உண்டு. திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்ளும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு தவணை வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு தவணை வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த குழுவினர்தான். உங்கள் 12 மணி நேரத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்கும் நேரம் எவ்வளவு என்று ஒரு நாள் கணக்கெடுங்கள்.

சரி, 170-ஐ 155 ஆக்கிவிட்டேன். மீதிப் பதினைந்து வினா எங்கே போகிறது? உங்கள் கடிதத்தில் "கணக்குகூட" என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கேதான் விஷயம்.

மனசுக்குள் ஒரு சின்ன சிலேட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டே அடுத்த எண்ணைப் பெருக்குவது, நான்கு கூற்றுகளில் எது தவறு என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் அதில்தான் நடக்கும். அதில் இடம் மிகக் குறைவு. "இந்தத் தடவையும் போச்சுன்னா அண்ணன் என்ன சொல்வார்" என்ற நினைப்பும் அதே சிலேட்டில்தான் வந்து உட்காரும். கணக்குக்கு இடம் இருக்காது. வெளியே வந்ததும் அந்த நினைப்பு இறங்கிவிடுகிறது, விடை வந்துவிடுகிறது.

அண்ணனிடம் காட்ட ஓர் ஆய்வு தருகிறேன். 2005-ல் சியான் பைலாக், தாமஸ் கார் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கணக்குகள் கொடுத்து, நடுவில் நெருக்கடியைக் கூட்டினார்கள். யாருடைய சிலேட்டு பெரியதோ, சாதாரண வேளையில் யார் நன்றாகப் போட்டார்களோ, அவர்கள்தான் நெருக்கடியில் சறுக்கினார்கள். மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. தேர்வறையில் சறுக்குவதை மட்டும் வைத்துத் திறமையை எடைபோட முடியாது.

உலகத்தரத்தில் இருப்பவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி சுடும் வீரர் மாத்யூ எம்மன்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு குண்டு பாக்கியிருக்கையில் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டார். மதிப்பெண் பூஜ்யம், எட்டாவது இடம். 2008 பெய்ஜிங்கில் மறுபடி கடைசிக் குண்டு. 6.7 எடுத்தாலே தங்கம் என்ற நிலையில் 4.4. (ஏதென்ஸில் ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனையைப் பிறகு மணந்துகொண்டார் என்பது தனிக்கதை.) 2012-ல் அதே பிரிவில் வெண்கலம் வாங்கினார்.

நம் ஊர் அபினவ் பிந்த்ராவும் அதே ஏதென்ஸில் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தவர்தான். பெய்ஜிங்குக்கு முன் அவர் செய்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்த ஒன்று: ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, பெய்ஜிங் அரங்கின் விசாலமும் வெளிச்சமும் போல அமைத்து, அங்கே சுட்டுப் பழகினார். 2008-ல் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். இந்தியர் ஒருவர் தனிநபர் போட்டியில் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

உங்களுக்கும் ஒரு கல்யாண மண்டபம் வேண்டும். ஞாயிறு காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை வீட்டில் எழுதாதீர்கள். ஊர் நூலகம், தோழியின் வீட்டுத் திண்ணை, டெஸ்ட் பேட்ச், எதுவானாலும் சரி, சுற்றிலும் ஆள் இருக்க வேண்டும். இதுவரை பார்க்காத வினாத்தாள், அச்சடித்த ஓ.எம்.ஆர். தாள், கறுப்பு மைப் பேனா. ஒரு வினாவுக்கு 54 நொடிதான். வட்டத்தை நிரப்புவதும் அதற்குள் அடக்கம், செல்போனில் எழுதுபவருக்கு இந்த நேரம் கணக்கிலேயே வருவதில்லை. வந்த மதிப்பெண்ணை அண்ணனிடமே சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடம்தான் மருந்து. கேமரா பார்த்துக்கொண்டிருக்க கோல்ஃப் பயிற்சி செய்தவர்கள் பிறகு நெருக்கடியில் தடுமாறவில்லை என்று பைலாக்கும் காரும் 2001-லேயே காட்டியிருக்கிறார்கள். சின்னச் சின்ன நெருக்கடியில் பழகிய மனத்துக்குப் பெரிய நெருக்கடி புதிதாகத் தெரியாது.

அடுத்து, தடுக்கும் இடத்துக்கு ஒரு முன்முடிவு. "இரண்டு தடவை வாசித்தும் பிடிபடாவிட்டால், வினாத்தாளில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்." இதை இப்போதே எழுதி வைத்து ஒவ்வொரு ஞாயிறும் கடைப்பிடியுங்கள். தேர்வறையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் அதுவும் சிலேட்டில் இடம் பிடிக்கும்.

நெஞ்சு படபடத்தால் அதை அடக்கப் பார்க்க வேண்டாம். "பதறாதே" என்று சொல்லிப் பதற்றம் அடங்கியவரை நான் பார்த்ததில்லை. அதே படபடப்பை "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் பேச்சிலும் பாட்டிலும் கணக்கிலும் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று அலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் எழுதினார்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளைத் தாளில் கொட்டிவிட்டால் மதிப்பெண் கூடும் என்றும் இணையத்தில் படித்திருப்பீர்கள். 2011-ல் வந்த ஆய்வு அது. 2018-ல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செலவில்லாத வேலை, பிடித்தால் செய்யுங்கள். அதையே நம்பி இருக்காதீர்கள்.

இனி அந்த 12 மணி நேரம். 1993-ல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். பத்தாயிரம் மணி நேரம் பழகினால் எதிலும் வல்லவராகிவிடலாம் என்று ஊரெல்லாம் பேசுவது அதிலிருந்து கிளம்பியதுதான். யாரும் பேசாத பகுதி ஒன்று அதில் உண்டு: மிகச் சிறந்த மாணவர்கள் தனியாகச் சாதகம் செய்தது நாளுக்குச் சராசரி மூன்றரை மணி நேரம்தான். இடைவெளி விட்டுச் செய்தார்கள், மதியம் தூங்கவும் செய்தார்கள். நீங்கள் ஆறு, ஏழு மணி நேரத்துக்கு இறங்கி வாருங்கள். அதில் பாதியில் புத்தகம் மூடியிருக்கட்டும்.

தேர்வு இல்லாத நாள்களிலும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், அழுகையாக வந்தால் அது வேறு. மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம்.

எட்டு ஞாயிறு இப்படி எழுதிவிட்டு எனக்கு மதிப்பெண்களை அனுப்புங்கள். மொத்தமாக வேண்டாம், தமிழ் 100, பொது அறிவு 75, கணக்குகள் வரும் திறனறிவு 25 என்று தனித்தனியாக. திறனறிவு ஏறிவிட்டு பொது அறிவு அப்படியே நின்றால், அடுத்து மாற்ற வேண்டியது நீங்கள் படிக்கும் முறை. அதைப் பற்றி அப்போது பேசுவோம்.