வாசகர் கேள்வி: ஜப்பானில் பழைய வீடு வாங்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஜப்பானில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போனபோது, நாகானோ மாகாணத்தின் சுமாகோ என்ற பழைய ஊரில் மனத்தைப் பறிகொடுத்தோம். அங்கே ஒரு மரவீட்டை மலிவாக வாங்கிக் குடியேற முடியுமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, வெளிநாட்டவர் தம் பெயரிலேயே நிலமும் வீடும் வாங்க ஜப்பானியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனதாலேயே அங்கே வசிக்கும் உரிமை வந்துவிடாது. தென்னாப்பிரிக்கர்களாகிய நாம் சுற்றிப் பார்க்கப் போவதற்கே விசா எடுக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் குடியேறுவதற்கென்று தனி விசாவும் கிடையாது. எனவே அந்த வழி தெளிவாகும் வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சுமாகோவில் வீடு கிடைப்பது அரிது. விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று அவ்வூரார் 1971-லேயே கூடி முடிவெடுத்தார்கள். நீங்கள் கண்டு மயங்கிய தெரு அந்த உறுதியால்தான் இன்றும் நிற்கிறது என்பதால், அதை நான் மனமார மதிக்கிறேன். 1976-இல் அரசும் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகத் தேர்ந்தெடுத்தது. அத்தகைய பகுதிகளில் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற, நம் நாட்டில் 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்கு வேண்டியிருப்பதைப் போலவே, முன் அனுமதி வேண்டும்.

மற்ற ஊர்களில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் காலியாக உள்ளன. விற்பனைக்கு வருபவற்றை உள்ளூராட்சி மன்றங்களே பட்டியலிடுகின்றன. விலை குறைவு என்பது உண்மைதான். செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான இன்றைய விதிகள் 1981 ஜூன் மாதத்தில் வந்தவை என்பதால், பழைய மரவீட்டைப் பெரும்பாலும் வலுப்படுத்த வேண்டியிருக்கும். தரைப்பலகையை நீக்கி, டார்ச் அடித்து, தூண்கள் கல்லின்மேல் அமரும் இடத்தைத் தச்சரோடு சேர்ந்து பாருங்கள். கூரிய கம்பியால் குத்தும்போது மரம் எளிதில் உள்வாங்கினால், கரையானோ ஈரமோ அரித்திருக்கிறது. சன்னல் திறக்காமல் ஒரு மழைக்காலம் பூட்டிக் கிடந்தாலே பாயிலும் சுவரிலும் பூஞ்சை பிடித்துவிடும். பத்திரம் இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்கிறதா, வீட்டோடு வயலும் சேர்ந்து வருகிறதா என்றும் கேளுங்கள். வயலை வாங்க வேளாண் குழுவின் அனுமதி தனியாக வேண்டும்.

மகள் அங்கேயே இருப்பதால், முதலில் அவர் மூலம் ஒரு பழைய வீட்டைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்து, டர்பனில் புழுங்கும் ஜனவரியில் போய்த் தங்கிப் பாருங்கள். மலைக்குளிர் பலகைச் சுவர் வழியாக உள்ளே வரும் அந்த மாதத்திலும் இருவருக்கும் மனம் மாறாவிட்டால், பிறகு விலை பேசலாம்.