மூன்று மாதத்தில் ஆள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள், என்ன செய்வது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராஜபாளையம் பக்கம் நைட்டி தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். பத்து மெஷின், செக்கிங்குக்கும் மடிப்புக்கும் இரண்டு பேர், மொத்தம் பன்னிரண்டு பெண்கள். மாதம் 5,200 பீஸ் போகும். பீஸ் ரேட்டில் ஒருவருக்குச் சராசரியாக 10,000 ரூபாய் கிடைக்கிறது. வாடகை, கரண்ட் கழிப்பதற்கு முன்னால் எனக்குப் பீஸுக்கு 14 ரூபாய் நிற்கும். நாலு குடும்பம் முன்னுக்கு வரட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் மூன்று மாதத்துக்குள் நாலு பேராவது நின்றுவிடுகிறார்கள். 'கண்ணியமான வேலை' என்கிறார்களே, என் மாதிரி ஆளுக்கு அது கட்டுப்படியாகுமா?"

கட்டுப்படியாகும். நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆள் தங்காததற்குக் காரணமே அந்த வேலை அவர்கள் வீட்டைத் தாங்காததுதான்.

எத்தியோப்பியாவில் கிறிஸ்டோபர் பிளாட்மேன், ஸ்டீபன் டெர்கான் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள், முடிவுகள் 2018ல் வெளிவந்தன. ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் குலுக்கல் முறையில் சிலருக்கு அந்த வேலையையே கொடுத்தார்கள், சிலருக்குச் சொந்தத் தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கொடுத்தார்கள், மீதிப் பேரை அப்படியே விட்டுவிட்டார்கள். வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் நின்றுவிட்டார்கள். அவர்கள் வருமானமும் ஒன்றும் கிடைக்காதவர்களை விடக் கூடவில்லை, உடல் உபாதைதான் கூடியது. வேலை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் வறுமை தானாகப் போய்விடும் என்று நம்புகிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடியவர்கள் சோம்பேறிகள் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் போனார்கள், உங்கள் வேலையை விட்டுப் போனவர்களும் அப்படித்தான்.

'கண்ணியமான வேலை' என்ற பேச்சை 1999ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த ஹுவான் சோமாவியா முன்வைத்தார். வேலை இருக்க வேண்டும், உரிமை இருக்க வேண்டும், நோய் விபத்து வந்தால் பாதுகாப்பு வேண்டும், வேலை செய்பவர் பேசினால் கேட்க ஆள் வேண்டும், இந்த நான்கும்தான் அதன் சாரம். உலகத்தில் வேலை பார்ப்பவர்களில் 200 கோடிப் பேர், அதாவது பத்தில் ஆறு பேருக்கு மேல், முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2018ல் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி உங்கள் யூனிட் மாதிரி சின்னச் சின்ன இடங்கள். அதனால் இதைப் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். முதலில் இ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு. பத்துப் பேர் இருந்தாலே அது கட்டாயம், உங்களிடம் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பதிவு செய்யாமல் இருந்தால் இன்றைக்கே சட்டப்படி தப்பு, அதைத் தெரியாமல் இருந்திருப்பீர்கள். முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 10,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 325 ரூபாய், பன்னிரண்டு பேருக்கு மாதம் 3,900. அதை 5,200 பீஸால் வகுத்தால் பீஸுக்கு 75 காசு! இந்த 75 காசுக்கு அந்தப் பெண்ணுக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கிறது. உடம்பு முடியாமல் படுத்தால், உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஒரு குடும்பம் மெல்ல மெல்ல ஏறி வந்த படியெல்லாம் ஒரே ஆஸ்பத்திரிச் செலவில் சரிந்து, கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூலியை ஆயிரம் ரூபாய் கூட்டினாலும் அந்தச் சரிவைத் தடுக்க முடியாது, இ.எஸ்.ஐ அட்டை தடுக்கும்.

இப்போது ஆள் மாறுவதால் என்ன போகிறது என்று பாருங்கள். கை பழகியவர் நாளைக்கு 20 பீஸ் தைக்கிறார், புதிதாக வருபவர் முதல் மாதம் 12தான் தைப்பார் என்று வைப்போம். 26 நாளில் 208 பீஸ் குறையும். நாலு பேர் மாறினால் 832 பீஸ், உங்கள் 14 ரூபாய்க் கணக்கில் 11,648 ரூபாய். மூன்று மாத இ.எஸ்.ஐ செலவு 11,700. பார்த்தீர்களா, அந்தப் பணத்தை நீங்கள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், யாருக்கும் பிரயோசனம் இல்லாமல். ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வரும் பீஸையும் நான் இதில் சேர்க்கவில்லை.

பீஸ் ரேட் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று நம் பக்கம் ஒரு நினைப்பு உண்டு, அது தவறு. தையல் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அதோடு விலைவாசிக்காகச் சேரும் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் இந்த வருடத் தொகையைக் கேட்டு வாங்கி உங்கள் ரேட்டோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் ரேட்டைக் கூட்டித்தான் ஆக வேண்டும், அதில் பேரத்துக்கு இடமே இல்லை. அப்புறம், துணி வராததால் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பும் நாட்கள். பீஸ் ரேட்டில் ஆர்டர் வராத பாரம் முழுக்க தைப்பவர் தலையில்தான் விழுகிறது. வாரத்துக்கு இத்தனை பீஸுக்குக் குறையாமல் கூலி உண்டு என்று ஓர் அடித்தொகை சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாமா, சீட்டு போடலாமா என்று அவர்கள் முடிவெடுக்க, மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது தீரும்வரை போகக் கூடாது என்று சொன்ன நிமிடமே 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுதவில்லை. தகரக் கூரையா? பெங்களூரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்.ஈ.டி போட்டதில் மெஷின் பக்கத்துச் சூடு குறைந்து, வெயில் நாட்களில் உற்பத்தியும் கூடியது என்று ஓர் ஆய்வு காட்டியது. கரண்ட் பில் வேறு குறையும். தாழ்ப்பாள் உள்ள சுத்தமான கழிப்பறை இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கட்டுங்கள், பெண்கள் வெளியே சொல்லாமல் வேலையை விடும் காரணம் பல இடங்களில் அதுதான்.

இன்னொன்றும் முக்கியம். மாதம் ஒரு தடவை மெஷினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அவர்களைப் பேச விடுங்கள், பேசியதற்காக யார் வேலையும் போகாது என்று சொல்லிவிட்டுப் பேச விடுங்கள். டாக்காவுக்குப் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் தொழிலாளர்கள் முந்தின நாளே விரிசலைப் பார்த்தார்கள், உள்ளே போகப் பயந்தார்கள், ஆனாலும் 2013 ஏப்ரல் 24 அன்று வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள், கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். மாட்டோம் என்று சொல்லும் தெம்பு அவர்களுக்கு இருந்திருந்தால் அத்தனை உயிரும் பிழைத்திருக்கும். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பி.எஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, இருபது பேர் இருந்தால்தான் கட்டாயம், நீங்களும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் இப்போதே சேரலாம், ஆனால் முதல் வருடம் இ.எஸ்.ஐயையும் கூலியையும் சரி செய்த பிறகு அதற்குப் போங்கள். ஒவ்வொருவருக்கும் வேலை நியமனக் கடிதம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், தினமும் தைத்த பீஸ் கணக்கை அவர்கள் கையிலும் ஒரு நோட்டாக இருக்க விடுங்கள்.

அடுத்த ஆர்டருக்கு மொத்த வியாபாரியிடம் ரேட் பேசும்போது இந்த 75 காசைத் துணி, நூல், கூலி மாதிரி தனி வரியாக எழுதிக் காட்டுங்கள். எல்லோரும் தர மாட்டார்கள். பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டாலும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஆதார், வங்கிக் கணக்கு விவரம், குடும்பத்தார் பெயர், போட்டோ, இவற்றைப் பன்னிரண்டு பேரிடமும் இந்த வாரமே வாங்கி வையுங்கள்.