ஆய்வக விலங்குகள்: கேள்விகளும் என் பதில்களும்

நச்சுத்தன்மைச் சோதனைக்கூடத்தில் விலங்கு நலனைக் கவனிப்பது என் வேலை. அது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் நடக்கிறதா? (மாணவி)

1927-ல் ட்ரெவன் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த எல்டி50-ஐத்தான் கேட்கிறீர்கள். வாய்வழி நச்சுக்கான அந்தப் பழைய வழிகாட்டியை, சோதனை வழிகாட்டிகளை வெளியிடும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2002-ல் நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக மூன்று முறைகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு விலங்குக்கு மட்டும் டோஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். பிழைத்தால் அடுத்ததற்கு டோஸைக் கூட்டுவோம், இறந்தால் குறைப்போம். முன்பு டஜன் கணக்கில் விலங்குகள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது பெரும்பாலும் பத்துக்குள் முடிந்துவிடும். இன்னொரு முறையில் சாகும் வரை காத்திருப்பதில்லை, நச்சின் தெளிவான அறிகுறி தெரிந்தாலே போதும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வாலைப் பிடித்துத் தூக்கினால் சுண்டெலி கடிக்கிறது, என்ன செய்ய?

வாலை விடுங்கள்! கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு வையுங்கள். சுண்டெலி தானாக உள்ளே போனதும் குழாயோடு தூக்குங்கள். குழாய் இல்லையென்றால் இரண்டு கைகளையும் குவித்து அள்ளுங்கள். இந்த இரண்டு வழிகளிலும் பதற்றம் குறைகிறது என்று ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். நேரம் அதிகமாகும் என்று நானும் முதலில் முணுமுணுத்தவன்தான். ஒரு வாரம் பழகியதும் அந்த எண்ணம் போய்விட்டது. அதோடு, பயந்த எலிக்கு அழுத்த ஹார்மோன் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும். அதன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், மருந்தால் வந்த மாற்றம் எது, பயத்தால் வந்தது எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

வலி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுண்டெலியின் முகத்தைப் பாருங்கள். கண் சுருங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னால் போவது, மீசை நிலை மாறுவது என ஐந்து அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், கூடக் கூட வலி அதிகம். ஒன்று மட்டும் கவனம்: எலி தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வலியை மறைக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். எந்த நிலை வந்தால் விலங்கைச் சோதனையிலிருந்து எடுத்துக் கருணைக்கொலை செய்வது என்பதையும் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

ஆண் சுண்டெலிகள் சண்டை போட்டுக் குதறிக்கொள்கின்றன.

கூண்டு மாற்றும்போது கூடு கட்டக் கொடுத்த பழைய பொருளை அப்படியே புதிய கூண்டுக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர் பட்ட மரத்தூளைக் கொண்டுபோகாதீர்கள், அது சண்டையைக் கூட்டும்.

எல்லாவற்றையும் கணினியிலும் செல்களிலும் செய்யலாமே?

ஒரு பொருள் தோலை அரித்துப் புண்ணாக்குமா என்று பார்க்க, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசு இருக்கிறது. கண்ணுக்கு, இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டு விழி. அங்கெல்லாம் முன்பு போல முயலைத் தொட எந்த நியாயமும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் உடம்புக்குள் போகும் பொருள் கல்லீரலையும் கருவையும் சேர்த்து என்ன செய்யும் என்பதற்கு இன்னும் முழு மாற்று இல்லை. இருக்கிறது என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும்.

கூடு கட்டப் பொருள் கொடுத்தால் சோதனை முடிவுகள் மாறாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. சுண்டெலிக்கு 30 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சுகம், நம் அறைகளோ 20 முதல் 24 வரை. ஆக, கூடில்லாத எலி குளிரைச் சமாளிக்கவே சக்தியைச் செலவழிக்கிறது. அதுவும் முடிவை மாற்றத்தான் செய்யும். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பொருளை ஒரே எடையில் கொடுங்கள், கூண்டுக்கு 8 கிராம் போல. சோதனைத் திட்டத்தில் அதைக் குறித்துவிடுங்கள். அப்புறம் பாதியில் மாற்றாதீர்கள்.